சென்னியப்பன் கொலோனில் தின்றது

ஜெர்மனியில் கொலோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு அது அவிநாசியைவிடக் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். பிப்ரவரி பிறந்தால் அங்கே துணிக் கண்காட்சி. பனியன் கம்பெனி முதலாளிகள் பெட்டி நிறைய சாம்பிள் பீஸோடு விமானம் ஏறுவார்கள். அப்படி ஏறுகிறவர்களில் நாலு பேர் ஒரு செட்டு. நாலு பேரும் முருக பக்தர்கள், சுத்த சைவம். வெள்ளைக்காரனோடு கை குலுக்குவார்கள், உட்கார்ந்து விலை பேசுவார்கள், அவன் வீட்டு நாய்க்குட்டியைக்கூடத் தடவிக் கொடுப்பார்கள். ஆனால் அவன் அடுப்பில் வெந்ததில் ஒரு பருக்கையைத் தொடமாட்டார்கள். அதனால் சாம்பிள் பீஸோடு ஒரு சமையல்காரனையும் கொண்டுபோனார்கள். அவன்தான் சென்னியப்பன்.

கல்யாணச் சமையலில் பெயரெடுத்தவன் சென்னியப்பன். அவன் சாம்பார் வாளி பந்தலுக்குள் நுழைந்தால் எழுந்திருக்கப் போனவர்களும் மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவன் கொலோனில் ஒரு மாடி வீட்டில், நாலு பேருக்கு இட்லியும் ரசமும் வைத்துக்கொண்டு கிடந்தான். குக்கர், புளி, அரிசி, பருப்பு, அப்பளம் எல்லாம் இங்கிருந்தே போய்விடும். முதலாளிகள் காலையில் இட்லி தின்றுவிட்டுக் கண்காட்சிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். வந்ததும் சுடச்சுடச் சோறு வேண்டும். அவன் பார்த்த ஜெர்மனி, சமையலறை ஜன்னல் அளவு. பால் வாங்கப் போகும் ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு ரொட்டிக் கடைக் கண்ணாடி. இரண்டு வருஷம் போய்வந்தும் அந்த ஊர்ப் பண்டம் எதையும் அவன் வாயில் வைத்ததில்லை.

இரண்டாவது வருஷம் மட்டும் ஒரு வாய்ப்பு வந்து, கதவைத் தட்டி, கையிலேயே கொடுத்துவிட்டுப் போனது. கண்காட்சி நடக்கும் சமயத்தில் அந்த ஊரில் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் ஆடும் திருவிழா ஒன்று வரும். அன்றைக்குக் கீழ்வீட்டு அம்மாள், மாடியை வாடகைக்கு விட்டவள், ஒரு தட்டு நிறைய உருண்டைகள் கொண்டுவந்து நீட்டினாள். எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவி, ஒவ்வொன்றும் கை நிறைய இருந்தது. சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொல்லி, அவள் படியிறங்கியதும் தட்டோடு கொண்டுபோய்க் குப்பைப் பையில் கவிழ்த்தான். முட்டை போட்டிருப்பாளோ, பன்றிக் கொழுப்பில் பொரித்திருப்பாளோ என்று பயம். தட்டை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தான்.

ஊர் திரும்பி இதை ஞானாம்பாளிடம் சொன்னான். பெண்டாட்டியிடம் அவனுக்கு எதையும் மறைக்க வராது. குழந்தை இல்லாத வீடு. ஒருவருக்கொருவர் பேசித்தான் பொழுது போகவேண்டும், அதனால் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

"ஏனுங்க, ஒரு பொம்பள ஆசையாக் கொண்டாந்து குடுத்ததைக் குப்பையிலயா கொட்டுனீங்க?" என்றாள் ஞானாம்பாள். நிஜமாகவே கோபம். "சரி, உள்ள என்ன பூரணம்?"

"பிச்சுப் பாக்கலையே."

"சுசியம் மாதிரின்னு சொல்றீங்க. பூரணம் இல்லாம எப்படி இருக்கும்? சமையக்காரராமா. என்ன பூரணம்னு பிச்சுக்கூடப் பாக்காத சமையக்காரர்."

அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கிண்டலடித்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் சொன்னாள். அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஐப்பசியில் ஞானாம்பாளுக்கு வயிற்றுவலி வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன ஆசைப்படறாங்களோ அதைக் கொடுங்க, சாப்பிட்டாத்தான் இருக்கற நாளைக்காவது தெம்பு இருக்கும்" என்றார்.

ஆசைப்பட்டால்தானே கொடுப்பதற்கு. ஞானாம்பாளுக்கு நாக்குச் செத்துப்போயிருந்தது. அவன் கொள்ளு ரசம் வைத்தான், பச்சைப் புளி ரசம் வைத்தான், அரிசியும் பருப்பும் சாதத்தை நெய் விட்டுக் குழையக் குழையக் கிண்டினான், சந்தவை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றினான். எல்லாவற்றையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்ட கை, தன் வீட்டில் ஒரு வாய்க்குக்கூட ஆகாமல் போயிற்று. அவன் அடுப்படியில் போய் நின்றுகொண்டு அழுதான். பெரிய உடம்புக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது. நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவளாகவே கேட்டாள். "அந்த ஊருக்காரங்க காலையில என்னங்க திம்பாங்க?"

"ரொட்டிதான். நம்ம ஊரு ரொட்டி மாதிரி பஞ்சாட்டம் இருக்காது. கறுப்பா, செங்கல்லு கனத்துக்கு இருக்கும். ரம்பம் மாதிரி ஒரு கத்தியில அறுத்துக் குடுப்பாங்க."

"கறுப்பான்னா? கேப்பை ரொட்டி மாதிரியா?"

"கேப்பையவிடக் கறுப்பு. கடைக்கு வெளியில நின்னாலே புளிச்ச மாவு வாசம் வரும்."

சொல்லிக்கொண்டே கரண்டியை நீட்டினான். அவள் கேட்டுக்கொண்டே வாயைத் திறந்தாள். கஞ்சி உள்ளே போனது. ரொட்டிக் கடைக் கண்ணாடிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். முறுக்குப் பிழிந்து முடிச்சுப் போட்டதுபோல் ஒன்று, மேலே உப்புக் கல்லு. திட்டம் தெரியாதவன் அடுக்கியதுபோல் கறுப்பும் வெளுப்புமாய் ஒரு கேக்கு. கிண்ணம் காலியானது. அன்றிலிருந்து அதுதான் வழி. கதை ஓடினால் கஞ்சி இறங்கும். கதை நின்றால் வாய் மூடிக்கொள்ளும்.

ஆனால் அவனிடம் சரக்கு எவ்வளவு இருந்தது? ஒரு ஜன்னல், ஒரு தெரு, ஒரு கடை, மாடிப்படியில் ஏறி வந்த வாசனை. மார்கழிக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. சொன்னதையே சொன்னால் அவள் தலையை ஆட்டிவிடுவாள். கொஞ்சம் கைச்சரக்குச் சேர்த்துச் சொன்னால் உடனே பிடித்துவிடுவாள். "இது நீங்களாச் சேத்தது" என்று உதட்டை இறுக்கிக்கொள்வாள். பொய்க்கு ஒரு கரண்டிகூட இறங்காது. நிஜமாகக் கண்டதைச் சொன்னால்தான் அவளுக்குப் பசித்தது.

தை பிறந்ததும் குமாரசாமி முதலாளி காரில் வந்து இறங்கினார். நாலு பேரில் அவர்தான் காரியக்காரர், சென்னியப்பனுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஞானாம்பாளை விசாரித்துவிட்டு, ஆப்பிள் பையை வைத்துவிட்டு, வாசலில் நின்று தயங்கினார்.

"இந்த வருசம் முடியாதுங்க முதலாளி" என்றான் சென்னியப்பன். "இவளை இப்படிப் போட்டுட்டு எப்படிங்க வர்றது?"

உள்ளேயிருந்து ஞானாம்பாள் குரல் வந்தது. "அவரு வருவாருங்க முதலாளி. நான் அனுப்பி வெக்கறேன்."

முதலாளி போனபின் சண்டைக்கு வந்தான். அவள் கட்டிலில் படுத்தபடியே ஒற்றை விரலை ஆட்டினாள்.

"இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? உங்ககிட்டக் கதை தீந்து போச்சு. போங்க. இந்த வாட்டி எல்லாத்தையும் தின்னுபோட்டு வந்து சொல்லுங்க. எனக்காகத்தானே திங்கறீங்க, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான். அந்த உருண்டைக்குள்ள என்ன பூரணம்னு பாத்துட்டு வாங்க."

"அதுவரைக்கும் நீ?"

"ஜானகி வர்றா. அவ குடுக்கறதைக் குடிச்சுட்டு இருக்கறேன்."

ஞானாம்பாளின் தங்கை ஜானகியம்மாள் காங்கேயத்திலிருந்து வந்து சேர்ந்தாள். சென்னியப்பன் அவளுக்குக் கஞ்சி காய்ச்சும் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தான். கதை சொல்லும் பக்குவத்தைச் சொல்லிக் கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

கொலோன் போய் இறங்கிய முதல் நாளே முதலாளியிடம் கேட்டுவிட்டான். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, வெளியே போய் அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். குமாரசாமி சிரித்தார். "உனக்கெதுக்கப்பா அந்தக் கெரகமெல்லாம்? ஃபேர் முடியட்டும், பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது திருப்பூரில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அவன் சட்னிக்குத் தாளித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மனசுக்குள் வெந்துகொண்டிருந்தான். அங்கே ஒருத்தி வாயைத் திறக்கக் கதை வேண்டும். இங்கே அவன் ஆட்டாங்கல் இல்லாத ஊரில் மிக்ஸியில் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது ஹாலில் போன் அடித்தது. குமாரசாமி எடுத்தார். திருப்பூர் ஆபீஸ்தான், அவர் 'சொல்லப்பா' என்றதை வைத்தே தெரிந்தது. கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வைத்துவிட்டு மற்ற மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஏதோ ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டான். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

நாலு பேரும் வெளியே வந்தார்கள். அய்யாசாமி, அவர்களில் மூத்தவர், நெற்றி நிறைய விபூதிக்காரர், மேஜை வரைக்கும் வந்தவர் இட்லித் தட்டைப் பார்த்துவிட்டு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

குமாரசாமி சொன்னார், "சென்னியப்பா, அடுப்பை அணைச்சுப்போடு. இன்னிக்கு வெளிய போய்ச் சாப்பிடலாம். நீயும் வா."

"நானுங்களா?"

"கேட்டீல்ல. வா."

"போன் ஊருல இருந்துங்களா முதலாளி? ஊட்டுல எப்படி இருக்குதாமுங்க?"

குமாரசாமி டையை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். "அப்படியேதான் இருக்குதாம். நீ சட்டையை மாத்து."

முருகன் கண் திறந்துவிட்டான் என்று சென்னியப்பன் நினைத்தான். அவன் ஓடிப்போய்ச் சட்டை மாற்றிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

சந்தைத் திடலில் ஒரு பெண்பிள்ளை பெரிய கல்லில் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். கிழங்கைப் பச்சையாகத் துருவி, வெங்காயம் போட்டு, எண்ணெயில் தட்டி எடுப்பது. ஓரமெல்லாம் முறுமுறுவென்று வலை மாதிரி, நடுவில் மெத்தென்று. தண்ணீரை ஒட்டப் பிழிந்திருக்கிறாள், இல்லாவிட்டால் இப்படி நிற்காது என்று பார்த்ததுமே கண்டுகொண்டான். அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழ். உப்பும் எண்ணெயுமாய் இருக்கிற அடையை இனிப்பில் தொட்டுத் தின்கிறார்கள், பைத்தியக்காரர்கள் என்று முதலில் தோன்றியது.

"முட்டை கலந்திருக்கான்னு கேக்கட்டுமா?" என்றார் குமாரசாமி.

"கேக்காதீங்க முதலாளி." கண்ணை மூடிக்கொண்டான். முருகா, இது என் நாக்குக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு கடித்தான்.

பைத்தியக்காரர்கள் இல்லை. விவரமானவர்கள். சூட்டையும் உப்பையும் அந்தப் புளித்த இனிப்பு வந்து அணைத்தது. குளிரில் காது விறைத்துக் கிடந்தவனுக்கு வயிறு வரைக்கும் இதமாக இறங்கியது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இன்னொரு தட்டு வாங்கட்டுங்களா முதலாளி? சரியாப் பிடிபடணும், ஊட்டுல சொல்லணுமில்லீங்க" என்று கேட்டான். குமாரசாமி வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப்பின் அவன் காட்டில் மழைதான். அன்று பொழுதோடே ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் சேர்த்து மசித்து, மேலே பொன்னாக வறுத்த வெங்காயம். அதோடு ரத்தத்தில் செய்த தொத்திறைச்சி ஒன்று வைப்பது வழக்கமாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பண்டத்துக்கு அந்த ஊரில் 'வானமும் மண்ணும்' என்று பேர் என்று குமாரசாமி கேட்டுச் சொன்னார். வானத்தில் காய்ப்பது ஆப்பிள், மண்ணுக்குள் விளைவது கிழங்கு. இதைக் கேட்டால் ஞானாம்பாள் என்ன சொல்லுவாள் என்று நினைத்ததுமே சென்னியப்பனுக்குப் புல்லரித்தது. மறுநாள் கறுப்பு ரொட்டி. வெண்ணெய் தடவி, கடைசியாகக் கடித்தே விட்டான். ஈரமும் புளிப்பும், நடுநடுவே சீரகத்துக்குத் தம்பி மாதிரி ஒரு விதை. பிறகு, மாவைக் கொதிக்கிற தண்ணீரில் துண்டு துண்டாக உதிர்த்து, வெந்ததும் பாலாடைக்கட்டி போட்டுக் கிளறிய ஒரு பண்டம். இழுத்தால் நூல் நூலாக வந்தது. அது மட்டும் அவனுக்கு ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்பதையும் மறக்காமல் மனசில் குறித்துக்கொண்டான். அவளுக்கு உண்மைதான் வேண்டும்.

ரொட்டியும் கிழங்கும் தின்று முதலாளிகளுக்கு நாக்குச் செத்துப்போயிற்று. ரசம் வை என்றார்கள். வைத்தான். மூன்று பேர் சாப்பிட்டார்கள். அய்யாசாமி மட்டும் ஆப்பிளை நறுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவன் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"பெரியவருக்கு என்ற சமையல்ல என்னுங்க குறை?" என்று குமாரசாமியிடம் கேட்டான்.

"வெரதம்" என்றார் அவர்.

வேஷத் திருவிழாவும் வந்தது. ரொட்டிக் கடைக் கண்ணாடிக்குள் அந்த உருண்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். சென்னியப்பன் தானே உள்ளே போய், விரலால் காட்டி, ஒன்று வாங்கினான். தெருவில் நின்று, முதலில் பிய்த்துப் பார்த்தான். உள்ளே கருஞ்சிவப்பாய்ப் பூரணம். ஒரு சீமைப் பழத்தைச் சர்க்கரையில் குழைய வேகவைத்தது. நாவல்பழத்தில் கொஞ்சம் புளியும் வெல்லமும் சேர்த்துக் கிண்டினால் கிட்டத்தட்ட இப்படி வரும். மேல் மாவு புளித்து உப்பி, பஞ்சாக இருந்தது. கோமாளி வேஷம் போட்ட ஒருவன் அவன் மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் காட்டிச் சிரித்தான். சென்னியப்பனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. கண்டுபிடிச்சுட்டேன் ஞானாம்பா என்று நடுத்தெருவில் தமிழில் சொன்னான்.

மற்ற நாட்களிலெல்லாம் அவனுக்கு ஒரே வேலை. தின்றதை வரிசைப்படுத்துவது. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிக்கு வைப்பது. எடுத்தவுடன் பூரணத்தைச் சொல்லிவிடக் கூடாது, அவள் கேட்டுக் கேட்டு ஏங்கட்டும். ஒரு வேளைக்கு ஒரு பண்டம்தான். வானமும் மண்ணும் ஒன்றையே இரண்டு வேளைக்கு இழுக்கலாம். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தால் சித்திரை வரைக்கும் தாங்கும். சித்திரைக்குள் கொஞ்சம் தெம்பு வந்துவிடாதா? வந்துவிடும் என்றுதான் அவன் நம்பினான். நம்பியதால் நன்றாகத் தூங்கினான். நன்றாகத் தூங்கி நன்றாகத் தின்றதில் கன்னம் இரண்டும் உப்பிவிட்டது.

பம்பாய் வந்து, கோயமுத்தூர் வந்து இறங்கினார்கள். கம்பெனி வேனில் எல்லாரும் ஏறினார்கள். அவிநாசி வருவதற்கு முன்னாலேயே ஒரு ஓட்டல் வாசலில் வேனை நிறுத்தச் சொன்னார் குமாரசாமி.

"நான் ஊட்டுக்குப் போயி அவகூடச் சாப்பிட்டுக்கறேனுங்க."

"மொதல்ல சாப்பிடு" என்றார். அவரே இலையை அவன் பக்கம் தள்ளி, அவரே சாம்பாரை ஊற்றச் சொன்னார். சென்னியப்பன் நாலு இட்லி தின்றான். கை கழுவிவிட்டு வந்ததும், துண்டைக்கூட இன்னும் மடிக்கவில்லை, குமாரசாமி சொல்லிவிட்டார்.

"சென்னியப்பா, ஞானாம்பா நம்மளை விட்டுட்டுப் போயிருச்சப்பா."

அவனுக்குப் புரியவில்லை. எங்கே போனாள் என்று கேட்கப் போனான். பிறகு புரிந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"எப்பங்க?"

"நாம அங்க இருக்கறப்ப. அந்தச் செவ்வாக்கெழமை. காலையில போன் வந்துச்சுல்ல."

ஓட்டலில் யாரோ காப்பிக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார்கள்.

"சொல்லியிருந்தா நீ துடிச்சிருப்பே" என்றார் குமாரசாமி. "உடனே டிக்கெட்டும் கெடைக்காது. வந்தாலும் முகத்தைப் பாத்திருக்க முடியாது, அன்னிக்கே எடுத்துட்டாங்க. உன் மச்சினன் பையன்தான் கொள்ளி வெச்சான். நீ பாவம், அந்த ஊருச் சோறு திங்கோணும்னு கேட்டுட்டே இருந்தே. சேதி தெரிஞ்சா அப்புறம் உனக்குத் தொண்டையில எறங்குமா? அதுதான் தின்னட்டும்னு வெளிய கூட்டிட்டுப் போனோம்."

அய்யாசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். "சாமி, ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. சேதி காதுல உழுந்தாத்தான் தீட்டு. உனக்கு நாங்க சொல்லலை. அதனால நீ அடுப்புப் பத்த வெச்சதுல ஒரு பாவமுமில்லை, இவங்க சாப்பிட்டதுலயும் குத்தமில்லை. எனக்குத்தான் தெரிஞ்சுபோட்டுத் திங்க மனசு ஒப்பலை."

இந்த நாலு பேரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். கெட்டவர்கள் இல்லை. அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் பேசியது, ரசத்தைப் பற்றி மட்டும் இல்லை, அவனைப் பற்றியும்தான். ஆனால் ரசத்தைப் பற்றியும் பேசினார்கள். சொன்னால் அவன் தீட்டுக்காரன், அடுப்பைத் தொடக் கூடாது. சொல்லாவிட்டால் தொடலாம். ஒருத்தன் பெண்டாட்டி செத்த சேதியை அவன் காதுக்கு வெளியே நிறுத்தி வைத்து, அதற்கு சாஸ்திரத்தையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சென்னியப்பன் யாரையும் திட்டவில்லை. குமாரசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் ரெண்டாவது தட்டு கேட்டு வாங்கித் தின்னேனுங்களே" என்றான்.

குமாரசாமி எழுந்து மறுபடியும் கை கழுவப் போனார். வேனில் ஏறும்போது அவனுக்குப் பின்சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அய்யாசாமி வேறு கார் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். இட்லி தின்னும்வரை இல்லாத தீட்டு, கை கழுவியதும் வந்துவிட்டது.

வீட்டில் கட்டிலைத் தூக்கி வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். சாம்பலைக் கூடுதுறை ஆற்றில் கரைத்துவிட்டு ஒரம்பரைச் சொந்தங்கள் கலைந்து போயிருந்தார்கள். ஜானகியம்மாள் ஒருத்திதான் இருந்தாள். வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு உள்ளே வந்தான். அவள் வாங்க என்று சொல்லவில்லை.

"தெரிஞ்சும் வரலையே மாமா" என்றாள்.

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும் அம்மிணி. சித்த முந்தித்தான் சொன்னாங்க."

"அன்னிக்கே அவருகிட்டச் சொல்லியாச்சுன்னு ஆபீசுல சொன்னாங்களே. வேலை பாதியில நிக்குது, முடிச்சுப்போட்டு வருவாருன்னாங்க. அல்லாரும் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க."

அவன் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது. சொன்னால் முதலாளியைக் கேட்பார்கள். முதலாளி அவன் நல்லதுக்குத்தான் என்பார். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். ஜானகியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"நீங்க போன மறுநாளு ரெண்டு கரண்டி குடிச்சா. அப்புறம் வாயைத் தொறக்கவே இல்லை. கதை இல்லாம எறங்க மாட்டேங்குது ஜானகின்னா. நானும் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிப் பாத்தேன். எனக்கு என்ன தெரியும், காங்கேயத்துல எண்ணெய் ஆட்டறது தெரியும், மாடு புடிக்கறது தெரியும். அது வேண்டாம், அவரு வரட்டும், வந்து சொன்னா ஒரு சட்டி கஞ்சி குடிக்கறேன்னா. நீங்க போனதே அவளுக்குத்தான்னு பெருமையாச் சொல்லிட்டுக் கெடந்தா. வெறும் வயிறு மாமா. தண்ணிகூடக் கடைவாய்ல வழிஞ்சு போச்சு."

வெளியே தெருவில் கம்பெனிச் சங்கு ஊதியது. ஷிப்டு விட்டு ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"செவ்வாக்கெழமை காலையில நல்லாக் கண்ணு முழிச்சா. இந்நேரம் அவரு என்ன தின்னுட்டிருப்பாரு ஜானகின்னு கேட்டா. அதுதான் கடைசியாப் பேசினது." இப்போதுதான் ஜானகியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தின்னீங்க மாமா?"

எல்லாம் அவன் வாயில் வரிசையாக இருந்தது. எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் கரண்டியை நீட்டுவது என்பது வரைக்கும் இருந்தது. உதட்டைப் பிரித்தான். மூடிக்கொண்டான்.

"ஒண்ணும் திங்கலை அம்மிணி."

ஜானகியம்மாள் அதை நம்பவில்லை. பத்து நாளாய் வயிறாரத் தின்றவனின் முகம் அது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.